கணிப்பொறித் தொழிலும் நம் மக்கள் வாழ்வும்

(இராசிங்காபுரத்தில் கூடிய நம் சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று எமக்கு அளிக்கப்பெற்ற பொருள் 'கணிப்பொறித் தொழில்' என்பதாகும். நன்னூலும் தொல்காப்பியமும் ஓதும் தமிழாசிரியர்க்கு இப்பொருளிற் பேச என்ன உரிமை என்று உங்களிற் சிலர் ஐயுறுதல் கூடும். உரிமை ஒன்று உண்டு. இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் எம்மிடம் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இத்தொழிலையே மேற்கொண்டு வாழ்கின்றனர். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் வரும்போது எம் திண்ணையில் வந்தமர்ந்து தம் இன்பதுன்பங்களை எடுத்துரைக்கின்றனர். அவர் கூறக் கேட்டவற்றையும் யாம் படித்தறிந்தவற்றையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து, நம் சமூகத்தார்க்குப் பயன்படுமெனத் தோன்றியவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கணித்தலைச் செய்யும் பொறி கணிப்பொறி. 'பொறி' என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். இயந்திரமும் பொறி, மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி, எலியைப் பிடிக்க வைப்பதும் பொறி, நெருப்பினின்று தெறிப்பதும் பொறி. இத்தொழிலின்கண் இந்நான்கு பொருளும் அமைந்து கிடக்கின்றன. அஃது இயந்திரமாய் நின்று பல்லாயிரம் குடும்பங்கட்குச் சோறளிக்கின்றது. கண் முதலிய பொறிகளை வருத்துகின்றது. தன்னியல்பு அறியாது புகுவாரைச் சிக்கவைக்கும் பொறியாகின்றது. அறிந்து புகுவார்க்கோ அறிவுத் தீயை மூட்டும் சிறு பொறியாகின்றது. எவ்வாறு அமையும் என்பது புகுவாரை மட்டுமன்று, அவரைப் புகுத்தும் நம்மையும் பொறுத்ததாகும்.

தொழில் வந்த வரலாறு

இத்தொழில் நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. டாட்டா கன்சல்டன்சி என்னும் நிறுவனம் 1968-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றது. 1991-இல் இந்திய அரசு தன் பொருளாதாரக் கொள்கையைத் தளர்த்திய பின்னர் இத்துறை விரைந்து வளர்ந்தது. இரண்டாயிரமாவது ஆண்டு நெருங்கியபோது உலகெங்கும் ஒரு கவலை எழுந்தது. பழைய கணிப்பொறி நிரல்கள் பலவற்றில் ஆண்டினை ஈரிலக்கத்தால் மட்டும் குறித்திருந்தமையின், 2000 என்பதனை 1900 எனப் பொறிகள் பிறழ உணருமோ என்று அஞ்சினர். அந்நிரல்களை வரிவரியாகத் திருத்துதற்கு ஆட்கள் பெருவாரியாகத் தேவைப்பட்டனர். ஆங்கிலமும் கணக்கும் அறிந்த நம் நாட்டு இளைஞர்க்கு அதனாற் பெருவாயில் திறந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பெற்றது. பழைய மாமல்லபுரச் சாலையின் இருமருங்கும் வயலும் உப்பளமுமாய்க் கிடந்த நிலங்களிற் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. நம் பிள்ளைகள் போடியிலும் தேனியிலும் மதுரையிலும் பேருந்தேறி அம்மாளிகைகளை நோக்கிச் செல்லலாயினர்.

ஒருநாள் வேலை

அம்மாளிகையினுள்ளே அவர்கள் செய்வதுதான் யாது? நம் தாய்மார்கள் பலர் எம்மைக் கேட்ட வினா இது. 'என் மகன் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறான்' என்பதற்குமேற் கூற அவர்கட்குச் சொல் இல்லை. ஆதலின் எளிதாக விளக்குவோம்.

ஒரு வங்கியேனும் மருத்துவமனையேனும் வாணிகக் கழகமேனும் தன் கணக்கையும் கடமையையும் பொறியின் வாயிலாக நடத்த விரும்புகின்றது. 'இது நிகழின் இதனைச் செய்க. அன்றாயின் அதனைச் செய்க' என்று பொறிக்குக் கட்டளைகளை ஐயமற எழுதித் தரவேண்டும். அக்கட்டளைத் தொகுதியே நிரல். நிலைமொழி இன்ன எழுத்தில் முடிந்து வருமொழி இன்ன எழுத்தில் தொடங்கின் இன்ன மாற்றம் நிகழும் என்று புணர்ச்சி விதி வகுத்த நம் இலக்கண ஆசிரியர் செய்ததும் இத்தகைய ஒழுங்கே. விதியும் விலக்கும் முறைப்பட அமையாவிடில் இலக்கணமும் வழுப்படும்; நிரலும் வழுப்படும். நிரலை எழுதுவார் சிலர். அதனைச் சோதித்துப் பிழை காண்பார் சிலர். நாட்டிய பின்னர் பழுதுறாமற் காப்பார் சிலர். இம்மூவகையாரையும் உலகம் ஒரே பெயரால் வழங்குகின்றது.

காலையில் ஒரு குழுவினர் கால்மணி நேரம் கூடி, நேற்றுச் செய்தது யாது, இன்று செய்வது யாது, தடை யாது என்று ஒவ்வொருவராய் உரைப்பர். பின்னர் அவரவர்க்கு ஒதுக்கிய சிறு பணிகளிற் புகுவர். மாலை வந்தால் வேலை முடியும் என்று நினைத்தல் வேண்டா. நியூயார்க்கு நகரத்துக் கடிகாரம் நம் கடிகாரத்திற்குக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்திற் பத்தரை மணியும் பிற்பட்டது. கலிபோர்னியாவோ பன்னிரண்டரை மணியேனும் பதின்மூன்றரை மணியேனும் பிற்பட்டது. நமக்கு அந்தி சாயும் வேளையிலேயே அந்நாட்டார் கண்விழித்து அலுவலகம் புகுவர். வேலை தருவோர் அவராதலின், நம் பிள்ளைகள் உறங்கும் பொழுதினைச் சுருக்கிக்கொண்டு அவரொடு பேச வேண்டியவர் ஆகின்றனர். முறைவைத்து இரவெல்லாம் தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துப் பொறி பழுதுற்ற செய்திக்குக் காத்திருப்பாரும் உளர்.

இதனை நம் ஊர்த் தாய்மார்கள் உணர்வதற்கு எளியதோர் உவமை உண்டு. ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் கோழி கூவுமுன் எழுந்து, சோற்றுத் தூக்கைக் கையிற் பிடித்து, ஜீப்பில் நெருங்கி அமர்ந்து, போடிமெட்டின் 17 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிக் கேரள எல்லையைக் கடக்கின்றனர். மழையிலும் அட்டைக்கடியிலும் பகலெல்லாம் குனிந்து காய் பறித்து இருட்டிய பின் மீள்கின்றனர். அத்தாயின் மகளோ மகனோ சென்னையில் நள்ளிரவில் நிறுவனத்தின் காரில் ஏறிக் கண்ணெரிய வீடு திரும்புகின்றனர். ஒருவர் மலையேறுகின்றார்; மற்றவர் மாடியேறுகின்றார். ஒருவர்க்கு முதுகு வலி குனிந்து நின்றதனால். மற்றவர்க்கு முதுகு வலி குனிந்து அமர்ந்ததனால். இருவரும் பிறர் வகுத்த நேரத்திற்குத் தம் உடலை ஒப்புக்கொடுத்தவரே. 'ஏசி அறையில் உட்கார்ந்து செய்யும் வேலைதானே. அதில் என்ன களைப்பு?' என்று நம்மவர் கேட்பது பொருந்தாது. உழைப்பென்பது வியர்வை ஒன்றனால் மட்டும் அளக்கப்படுவதன்று.

ஊதியத்தின் உண்மை

இனி ஊதியத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். திருமணப் பேச்சில் 'பையன் ஆண்டுக்கு இவ்வளவு இலட்சம்' என்று ஒரு தொகை சொல்லப்படுகின்றது. அத்தொகை நிறுவனம் அவன்பொருட்டுச் செய்யும் செலவு முழுவதையும் கூட்டியது. நிறுவனம் வைப்பு நிதிக்குச் செலுத்துவது, பணிக்கொடைக்கு ஒதுக்குவது, காப்பீட்டுக்குக் கட்டுவது, ஆண்டிறுதியில் நிறுவனத்தின் ஆதாயத்தைப் பொறுத்து வரினும் வாராதொழியினும் ஆகிய தொகை, இவையனைத்தும் அதனுள் அடங்கும். பெரிய சேவை நிறுவனங்கள் பலவற்றிற் புதிதாய்ச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 ரூபாய் என்னும் அளவிலேயே ஊதியம் பல ஆண்டுகளாய் நின்றுவிட்டது. அதனைப் பன்னிரண்டாற் பகுத்துப் பிடித்தங்களைக் கழித்தால் கையில் வருவது திங்களுக்கு 25,000 ரூபாயை ஒட்டியே இருக்கும். சென்னையில் வாடகையும் உணவும் போக்குவரத்தும் போக எஞ்சுவது எத்துணை? ஊருக்கு அனுப்புவது எத்துணை? தங்கையின் படிப்புக்கு வைப்பது எத்துணை? இக்கணக்கைப் போட்டுப் பாராமலே 'இலட்சக்கணக்கில் வாங்குகின்றான்' என்று ஊர் பேசுகின்றது. அப்பேச்சைக் காப்பாற்றுதற்காகவே பிள்ளை கடன் வாங்குகின்றான்.

கடனைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லுவோம். வீடு வாங்க 40,00,000 ரூபாயை நூற்றுக்கு எட்டரை வட்டியில் 20 ஆண்டுத் தவணைக்கு ஒருவன் கடனாகப் பெறுகின்றான் என்று கொள்வோம். திங்கள்தோறும் ஏறத்தாழ 34,700 ரூபாய் கட்டவேண்டும். 240 தவணையும் முடியும்போது அவன் கட்டியது 83,00,000 ரூபாய்க்கு மேலாகும். அஃதாவது வாங்கியதைப் போல் இருமடங்கிற்கும் மிகுதி. இருபதாண்டுக் கடனை ஏற்பவனுக்கு இருபதாண்டு வேலை உறுதியுண்டோ என்பதே இங்கு எழும் வினா.

நிலையாமை

உறுதியில்லை என்பதனை இத்தொழிலின் வரலாறே காட்டும். 2001-இல் அமெரிக்காவில் இணைய வாணிகம் சரிந்தபோது வேலைகள் குறைந்தன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்னும் நிதிநிறுவனம் வீழ்ந்தபோது மீண்டும் குறைந்தன. 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கிற் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டபோது பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றால் நாடு அடைக்கப்பட்டபோது வேலை வீட்டிற்கே வந்தது. இம்மலையடிவாரத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் அலை கிடைக்கும் மொட்டைமாடியைத் தேடி நம் பிள்ளைகள் கணிப்பொறியுடன் அலைந்ததை நீங்கள் கண்டீர்கள். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' என்னும் உரையாடும் பொறி வெளிவந்த பின்னர், நிரலைப் பொறியே எழுதும் காலம் பிறந்தது. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் பணியாளரில் நூற்றுக்கு இருவர் வீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசு அந்நாட்டுக்கு வேலைக்கு அழைக்கப்படுவோரின் புதிய நுழைவு விண்ணப்பத்திற்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. இவற்றுள் ஒன்றேனும் நம் பிள்ளைகளின் சோம்பலால் வந்ததன்று. எங்கோ பெய்யும் மழைக்கு வைகையில் வெள்ளம் வருமாறு போல, எங்கோ எடுக்கும் முடிவினால் இங்கொரு வீட்டில் அடுப்பு அணைகின்றது.

இவ்விடத்தில் எமக்கு நேரிற் தெரிந்த செய்தியொன்றைக் கூறுதல் வேண்டும். எம்மிடம் ஆறாம் வகுப்பு முதற் பயின்ற ஒருவன். ஊரும் பேரும் வேண்டா. ஒரு நிறுவனத்தில் எட்டாண்டு பணிபுரிந்தான். ஒருநாட் காலை அழைத்து, இனி வரவேண்டா என்றனர். அவன் அச்செய்தியைத் தந்தைக்கும் கூறவில்லை. கட்டிய மனைவிக்கும் கூறவில்லை. நான்கு திங்கள் வழக்கம்போலவே தோளிற் பையை மாட்டிக் காலையிற் புறப்பட்டுக் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திற் சென்றமர்ந்து, மாலையில் வீடு திரும்பியிருக்கின்றான். அந்நான்கு திங்களும் கடன் வாங்கி ஊருக்குப் பணம் அனுப்பியிருக்கின்றான். பின்னர் வேறு வேலை கிடைத்தது. கிடைத்த பின்னரே எம்மிடம் இதனை உரைத்தான். 'ஏனப்பா மறைத்தாய்?' என்று வினவினோம். அவன் சொன்ன விடை இது: 'ஐயா, வேலை போனதற்கு நான் பயப்படவில்லை. நம்ம ஆட்கள் கல்யாணத்தில் எதிரே வந்து, இப்போது எந்தக் கம்பெனி என்று கேட்பார்களே, அதற்குத்தான் பயந்தேன்.'

சபையோர்களே! அவன் அஞ்சியது நிறுவனத்தை அன்று, நம்மை. சங்கம் என்று ஒன்று கூடி, துன்பத்தில் தோள் கொடுப்போம் என்று விதி எழுதி, ஆண்டுதோறும் சந்தா வாங்கும் நாம், நம் பிள்ளை ஒருவன் தன் துன்பத்தை யாரிடம் மறைக்க நேர்ந்ததோ அவ்வரிசையில் முதலில் நிற்கின்றோம். இதனைக் காட்டிலும் ஒரு சங்கத்திற்குக் குறை வேறு யாது?

பெண்மக்கள்

பெண்மக்கள் திறத்தில் இன்னும் ஒரு வருத்தம் உண்டு. நம் பெண்கள் பொறியியல் பயின்று ஆடவர்க்கு நிகராய் இத்தொழிலில் நிற்கின்றனர். திருமணம் பேசும்போது 'பெண் வேலைக்குப் போகிறதா?' என்று மகிழ்ந்து கேட்கும் வாயே, குழந்தை பிறந்த பின், 'இனி எதற்கு வேலை?' என்று கேட்கின்றது. இரவில் அவள் அலுவலகத்தாரொடு பேசினால் முகஞ் சுளிக்கும் மாமியார், மகன் அவ்வாறு பேசினால் காப்பி கொண்டுவந்து வைக்கின்றார். 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் பேறுகால விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள இடத்திற் குழந்தை காப்பகம் வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் கொடுத்த இடத்தைக் குடும்பம் பறித்துக்கொள்ளலாமோ? நம் பாட்டிமார் களத்துமேட்டில் தொட்டில் கட்டி வேலை செய்தவர். வேலைசெய்யும் பெண் நமக்குப் புதியவள் அல்லள். ஓராண்டு ஈராண்டு விட்டு மீண்டும் வேலை தேடும் பெண், தான் கற்றது அதற்குள் பழையதாகிவிட்டமை கண்டு வருந்துகின்றாள். இத்தொழிலிற் கல்வி ஏலக்காயைப் போன்றதன்று, உலர்த்திச் சேமித்து வைக்க. அது கறிவேப்பிலையைப் போல நாள்தோறும் புதிதாய்ப் பறிக்க வேண்டுவது.

மொழியும் அறிவும்

'பொறியே நிரல் எழுதுமாயின் நம் பிள்ளைகட்கு வேலை யாது?' என்று பெற்றோர் பலர் கவல்கின்றனர். எளிய நிரலை எழுதுவதும் வழக்கமான சோதனைகளைச் செய்வதும் பொறியின்பாற் செல்லுகின்றன என்பது உண்மையே. புதிதாய் வருவோர் செய்துவந்த வேலைகள் அவையேயாதலின் கவலைக்கு இடமுண்டு. ஆனால் எதனைச் செய்ய வேண்டும் என்று தெளிவதும், பொறி தந்த விடை சரியோ பிழையோ என்று ஆராய்வதும், பிழைபட்டால் யாருக்கு இடர் வரும் என்று எண்ணுவதும் மனிதர்க்கே உரியன. அதற்கு வேண்டுவன கணக்கறிவும், படித்ததைப் பொருள் உணர்ந்து படிக்கும் பழக்கமும், எண்ணியதை ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லும் ஆற்றலுமாம். இவற்றை எந்த மொழியில் முதலிற் கற்கலாம்? பிள்ளை கனவு காணும் மொழியிலேதான். ஆங்கிலம் வேண்டும், ஐயமில்லை. ஆயின் தாய்மொழியில் ஒரு பத்தியைத் தெளிவாய் எழுதமாட்டாதவன் வேறெம்மொழியிலும் தெளிவாய்க் கட்டளையிடமாட்டான். ஈது எம் தொழிலுக்குப் பரிந்து பேசுவதன்று, கண்டறிந்தது.

தமிழும் இத்தொழிலும் பகையல்ல என்பதற்குச் சான்று உண்டு. மலேசியாவிற் பிறந்த முத்து நெடுமாறன் 1985-இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி 1995-இல் இணையத்தில் தமிழெழுத்துத் தோன்ற வழிசெய்தார். 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பயனாக 'தமிழ்99' என்னும் விசைப்பலகை அமைந்தது. இன்று நீங்கள் கைப்பேசியில் திருமண வாழ்த்தைத் தமிழில் அனுப்புவது இத்தகையோர் உழைப்பின் பயனேயாம்.

ஊரும் தொழிலும்

இன்னொரு வினாவும் உண்டு. இத்தொழில் செய்வோர் ஊரைத் துறந்தே ஆகவேண்டுமோ? தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையை நோக்குங்கள். நம் ஊரைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துச் சிற்றூர் அது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்கப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஸ்ரீதர் வேம்பு என்பார், 1996-இல் தாம் உடன்பிறந்தாரோடும் நண்பரோடும் தொடங்கிய நிறுவனம் சோகோ என்னும் பெயரில் வளர்ந்த பின்னர், 2011-இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் அமைத்து, 2019-இல் தாமே அவ்வூரிற் குடியேறினார். பட்டம் பெறாத பள்ளி மாணவரைத் தேர்ந்து, உதவித்தொகையுடன் பயிற்றி வேலைக்கு அமர்த்தும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகின்றது. மதுரையை அடுத்த இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் அரசின் எல்காட் நிறுவனம் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்துள்ளது. நம் போடியிலேயே நறுமணப்பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்தில் வணிகர்கள் கணிப்பொறியின் முன் அமர்ந்து ஏலம் கேட்கும் காட்சியை நீங்கள் அறிவீர்கள். குரல் எழுப்பிக் கேட்ட ஏலம் விசையழுத்திக் கேட்கும் ஏலமாயிற்று. தோட்டக்கணக்கு, உலர்கூடத்தின் வெப்ப அளவு, காய்த்தரம் பிரித்தல், மழைக்கணிப்பு ஆகிய இவற்றிற்கெல்லாம் நிரல் எழுத வல்லவன் இவ்வூரிலேயே இருக்கலாகாதோ? மலையையும் மண்ணையும் அறிந்த பிள்ளைக்கு அவ்வறிவு ஒரு மூலதனமேயாம்.

1928-இல் ஓடத் தொடங்கிய போடி இரயில் 2010 இறுதியில் நின்று, அகலப்பாதையாகி 2023 ஜூன் 15 முதல் மீண்டும் ஓடுகின்றது. சென்னையினின்று நேரே விரைவுவண்டியும் வருகின்றது. வண்டி வந்தது, பிள்ளைகள் வருகின்றார்களா? வந்தவர்கட்கு நாம் தரும் வரவேற்பு 'எவ்வளவு சம்பளம்?' என்பதாயின் மறுமுறை வருவார்களா?

பெற்றோர்க்கும் மாணவர்க்கும்

பெற்றோர்களே! விருப்பமும் கணக்கறிவும் உள்ள பிள்ளையை இத்தொழிலுக்கு அனுப்புங்கள். அயல்வீட்டான் பிள்ளை போனான் என்பதற்காக அனுப்பாதீர்கள். காய் பறிப்பார் அறிவர்: விதை கறுத்துத் தோற்பசுமை மாறாத காயே விலைபெறும், பிஞ்சிற் பறித்தால் சுருங்கும், விட்டுவைத்தால் வெடிக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்குவம் உண்டு. நிலத்தை ஈடுவைத்துத் தனியார் கல்லூரியில் இடம் வாங்குமுன், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டு வரை பயின்றார்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பெற்றமையை நினையுங்கள். 2012-இல் தொடங்கப்பெற்ற அரசு பொறியியற் கல்லூரி நம் போடியை ஒட்டிய மேலச்சொக்கநாதபுரத்தில் உள்ளது. பட்டயப் படிப்பைத் தாழ்வென எண்ணாதீர்கள். 2023 ஆகஸ்டு 23-இல் நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்து இரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். பட்டயப் படிப்பிற் தொடங்கியே பின்னர் முனைவரானவர்.

தொழிலில் உள்ள இளைஞர்களே! ஆறு திங்கட் செலவுக்குப் பணம் சேரும்வரை பெருங்கடன் ஏலாதீர்கள். கண்ணுக்கு 20 நிமிடத்திற்கொருமுறை சிறிது ஓய்வு கொடுங்கள். ஆண்டுக்கொரு புதுக் கல்வி கைக்கொள்ளுங்கள். வேலை போயின் உண்மையை வீட்டிற் கூறுங்கள். தொழில் உங்கள் கையிற் பிடித்த கருவி. அது தவறி விழுந்தாற் கை விழுந்ததாகாது.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

முடிவாக, நம் சங்கத்திற்கு நான்கு விண்ணப்பங்களை வைக்கின்றோம். ஒன்று: நம் இதழின் மணமக்கள் பகுதியில் ஊதியத் தொகையை அச்சிடுதலை நிறுத்துக, கல்வியும் தொழிலும் குணமும் போதும். இரண்டு: வேலையிழந்த உறுப்பினர்க்கு ஆறு திங்கள் வரை வட்டியில்லாக் கடன் தரும் நிதியொன்றை அமைத்து, பெற்றவர் பெயரை வெளியிடாது காக்க. மூன்று: தொழிலில் நிலைபெற்ற நம்மவர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து, திங்களுக்கொருமுறை பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பயிலும் பிள்ளைகட்கு, நம் குலத்தார் பிள்ளைகள் என்றும் பிறர் பிள்ளைகள் என்றும் பாராது, இத்தொழிலின் நன்மையும் தீமையும் உள்ளபடி எடுத்துரைக்க. அறிவுத் தண்ணீர்ப் பந்தலிற் சாதி கேட்டு ஊற்றுவது அறமன்று. நான்கு: சங்கக் கட்டடத்தின் மாடியில் இணைய வசதியோடு படிப்பகம் ஒன்று அமைக்க, விடுமுறையில் வரும் பிள்ளை அங்கமர்ந்து வேலை பார்க்கவும், ஊர்ப்பிள்ளை அவனைக் கண்டு கற்கவும் அது பயன்படும்.

இவற்றுள் நிதி தேவைப்படுவன இரண்டு. அவற்றிற்குக் காலம் ஆகலாம். மனம் மட்டும் தேவைப்படுவனவற்றை இன்றே தொடங்கலாம். வருகின்ற திருவிழாவிற்கு வண்டியிறங்கி வரும் பிள்ளையை எதிரிற் கண்டால், 'எந்தக் கம்பெனி? எத்தனை இலட்சம்?' என்று கேளாது, 'நன்றாய் உறங்குகின்றாயா அப்பா? வேளைக்கு உண்கின்றாயா அம்மா?' என்று கேட்போமாக. அங்ஙனம் கேட்கும் சங்கமே, துன்பம் வந்த நாளிற் பிள்ளைகள் தேடிவரும் சங்கமாகும்.